அரிசிப் பையும் வில்லின் நாணும்

போட்டிக்கு முந்தின நாள் மாலை கடைக்குப் போய்ப் புது நாண் வாங்கி வந்தது நான்தான். மகளின் வில்லில் இருந்த பழைய நாணின் நடுப்பகுதியில் இரண்டு இழைகள் அறுந்து பஞ்சு போலப் பிரிந்து நின்றன. அவள் காட்டியபோது எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. கயிறு அறுந்தால் வேறு கயிறு. உறையைப் பிரித்து, வில்லின் இரு நுனிகளிலும் கண்ணிகளை மாட்டி, தெறித்துப் பார்த்தோம். நல்ல சத்தம் வந்தது. திருப்தியோடு தூங்கப் போனோம்.

காலையில் மைதானத்தில் முதல் மூன்று அம்புகளும் மஞ்சள் வட்டத்துக்குள் விழுந்தன. அடுத்த ஆறும் மோசமில்லை. பிறகு அம்புகள் பிரிய ஆரம்பித்தன. ஒன்று மேலே, ஒன்று இடது ஓரத்தில், ஒன்று கறுப்பில். நாண் அவளுடைய முன்கையில் பட்டு விளாசும் சத்தம் நான் நின்றிருந்த இடத்துக்கே கேட்டது. இருபது பிள்ளைகளை ஒருசேரக் கவனித்துக்கொண்டிருந்த பயிற்சியாளர், நடுவில் ஒருமுறை இவள் பக்கம் வந்து, வில்லின் பிடியில் முஷ்டியை வைத்துக் கட்டைவிரலை நாண் நோக்கி நீட்டிப் பார்த்தார். நாணைத் தொட வேண்டிய இடத்துக்கு முன்பே விரல் நாணில் இடித்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. பதினோரு புள்ளிகளில் அணியில் இடம் போனது.

ஆட்டோவில் திரும்பும்போது அவள் பாதி தூரம் வரை பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அப்பா, கை சரியாத்தான் இருந்துது. நாண் எறங்கிடுச்சு."

தேசிய வில்வித்தைப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்ட்' என்று ஒரு பிரிவு உண்டு. மரத்தையும் மூங்கிலையும் ஒட்டிச் செய்த எளிய வில். குறிபார்க்கும் கருவி கிடையாது, அதிர்வைத் தாங்கும் எடைக்குச்சிகள் கிடையாது. ஒலிம்பிக் பாணி வில்லுக்கு லட்சக்கணக்கில் செலவழிக்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். இந்த வில்லில் எய்பவருக்கு நம்பிக்கை இரண்டே. ஒன்று தன் கை. மற்றது நாணுக்கும் வில்லின் பிடிக்கும் இடையே உள்ள இடைவெளி நேற்றுப் போலவே இன்றும் இருக்கும் என்பது. நாண் நீண்டால் அந்த இடைவெளி குறைகிறது. அம்பு நாணோடு ஒட்டியிருக்கும் நேரம் ஒரு துளி அதிகமாகிறது. அந்த ஒரு துளி நேரத்தில் கையின் சிறு நடுக்கம்கூட அம்புக்குள் இறங்கிவிடுகிறது. நாண் கையையும் உரசுகிறது. அதாவது, போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே அவள் கையிலிருந்தது நிமிஷத்துக்கு நிமிஷம் வேறு வேறு வில்.

மறுநாள் குற்ற உணர்ச்சியோடு பயிற்சியாளரைப் பார்க்கப் போனேன். அவர் திட்டவில்லை. "நாணை வாங்குவது பெரிதல்ல. அதை இழுத்துப் பழக்கிவிட்டுத்தான் நம்ப வேண்டும். நீங்கள் பழக்காத குதிரையைப் பந்தயத்துக்கு அனுப்பிவிட்டீர்கள்" என்றார். பிறகு, "வீட்டிலேயே செய்யுங்களேன். அவளுக்கும் தெரிந்துவிடும்" என்றார்.

இங்கே மொழிபெயர்ப்புத் தொழிலின் புத்தி குறுக்கிட்டது. நாண் 'ஸ்ட்ரெச்' ஆகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்புவது ஒன்று. நீண்ட பிறகு திரும்பாமலே போவது இன்னொன்று. முதலாவது நெகிழ்வு. இரண்டாவது தொய்வு. தமிழில் இரண்டு சொற்களும் தயாராகவே இருக்கின்றன. வில்லுக்கு நெகிழ்வு வேண்டும், தொய்வு ஆகாது. இப்போது ஒலிம்பிக் வீரர்கள் பயன்படுத்தும் 'ஃபாஸ்ட் ஃப்ளைட்' மாதிரியான இழைகள் கிட்டத்தட்ட நீள்வதே இல்லை. அம்பு விர்ரென்று போகும். ஆனால் அதற்கென்று நுனியைப் பலப்படுத்தாத மரவில்லில் அதைக் கட்டினால், அம்பை விட்டதும் வரும் அதிர்ச்சி முழுவதும் வில்லின் நுனியில் போய் விழும். மரம் விண்டுபோக வாய்ப்புண்டு. அதனால்தான் மரவில்லுக்கு இன்னும் டேக்ரான் என்கிற பாலியெஸ்டர் நூல். அது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்து வில்லைக் காப்பாற்றும். கூடவே தொய்வும் வரும். அந்தத் தொய்வை முன்கூட்டியே வீட்டில் எடுத்துவிட வேண்டும். மைதானத்தில் எடுக்கக் கூடாது. இதுதான் அந்த மாலை எனக்குத் தெரியாமல் போனது.

செய்முறை அப்படியொன்றும் பிரமாதமில்லை. பொறுமைதான் வேண்டும். பழைய கட்டில் பலகை ஒன்றில் இரண்டு பெரிய ஆணிகளை அறைந்தோம். வில்லின் நீளத்தைவிட நாண் நாலு அங்குலம் குறைவாக இருக்க வேண்டும் என்பது பயிற்சியாளர் கொடுத்த கணக்கு. அந்த அளவுக்கு ஆணிகளைச் சுற்றி நூலை ஓட்டினோம். டேக்ரான் இழை ஒன்று சுமார் 50 பவுண்டு தாங்கும். மகளின் வில்லோ 28 பவுண்டு இழுவிசை. அப்படியானால் ஒரே இழை போதாதோ என்று கேட்டேன். பத்து இழை என்றாள். அம்பு போன பிறகு, பாய்ந்து வரும் வில்லின் இரு கைகளையும் திடுமென்று நிறுத்துவது நாண்தான். அந்தக் கணத்தில் அதன் மேல் விழும் பாரம் இழுவிசையைப் போலப் பல மடங்கு. தவிர, அறுந்தால் வில்லும் போகும், கண்ணுக்கும் ஆபத்து.

பத்து இழைகளும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். ஒன்று தளர்ந்திருந்தால் மற்ற ஒன்பதும் அதன் பாரத்தையும் சுமக்கும். தளர்ந்தது சும்மா கூட வரும். (அலுவலகங்களில் பார்த்திருக்கிறோம்.) எனக்கு முதல் தடவை சரியாக வரவில்லை. என் கை போகப் போக இறுக்கிக்கொண்டே போயிற்று. மகள் பிரித்துவிட்டுத் தானே சுற்றினாள். சுற்றி முடித்ததும் இரு நுனிகளிலும் கண்ணி வரும் இடத்தில் வேறு நூலால் நெருக்கமாக வரிந்து கட்ட வேண்டும். அம்பின் வால் உட்காரும் நடுப்பகுதியிலும் அதே மாதிரி வரிச்சுற்று. பிறகு தேன்மெழுகு. மெழுகைத் தடவி, தோல் துண்டால் பிடித்துச் சூடு வரும்வரை மேலும் கீழும் தேய்த்தால் மெழுகு உள்ளே இறங்கி இழைகளை ஒன்றாக்குகிறது. கடைசியில் இருபது முப்பது முறுக்கு. முறுக்கு கூடினால் நாண் குறுகும், குறைந்தால் நீளும். வில்லின் இடைவெளியைத் திருத்திக்கொள்ள எய்பவர் கையில் இருக்கும் சாவி அதுதான்.

அப்புறம் பழக்குவது. பால்கனியில் துணி காயப்போடும் இரும்புக் கம்பியில் நாணை மாட்டி, கீழ்க் கண்ணியில் பத்து கிலோ அரிசிப் பைகள் இரண்டைத் தொங்கவிட்டோம். இட்லி அரிசி. இரவு முழுக்கத் தொங்கியது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விருந்தாளிகள் வரும் நாளில் வேண்டாம் என்றாள். காலையில் அளந்தபோது நாண் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தது. பதினோரு புள்ளிகளையும் அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் பார்த்தேன்.

இந்தப் பிரச்னை நம்முடையது மட்டுமல்ல, வில் பிடித்த அத்தனை பேருடையதும் என்பது தேடிப் பார்த்தபோது தெரிந்தது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் ஆயுதசாலைத் தலைவரைப் பற்றிய அத்தியாயத்தில், நாண் செய்வதற்கான பொருள்கள் ஆறு என்று வரிசையாகச் சொல்லப்படுகிறது: மூர்வா, எருக்கு, சணல், கவேது என்கிற புல், மூங்கில், தசைநார். அந்நூலின் கதையே சுவையானது. பல நூற்றாண்டுகளாகக் காணாமல்போயிருந்த அதன் ஓலைச்சுவடியைத் தஞ்சாவூர்ப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழைநூல் நிலையத்தில் கொண்டுவந்து கொடுக்க, 1905-ல் அதை அடையாளம் கண்டவர் ஆர். சாமசாஸ்திரி. 1909-ல் மூலத்தை அச்சிட்டார். 1915-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். யானைப்படையும் ஒற்றர்களும் வரிவிதிப்பும் நிறைந்த அந்த நூலில் எருக்கஞ்செடிக்கும் ஓர் இடம் இருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மூரில் பிள்ளையாருக்கு மாலை கட்டுவதோடு மறந்துவிடுகிற செடி. அதன் தண்டின் பட்டையை உரித்தால் வெள்ளைவெளேரென்று வலுவான நார் வரும்.

மூர்வா எந்தச் செடி என்பதில் வைத்திய நூல்காரர்களுக்குள் ஒரு சண்டை உண்டு. பலர் கை காட்டுவது நம் மருள் செடியை. வடமொழியில் வில்நாணுக்கு மௌர்வி என்று ஒரு பெயர் இருப்பதே மூர்வாவிலிருந்து வந்ததுதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோ, சோழமண்டலக் கரையில் வேலை பார்த்த காலத்தில், வடசர்க்கார் மலைகளில் வாழ்ந்தவர்கள் மருள் நாரில் நாண் செய்வதைக் குறித்து வைத்திருக்கிறார். ராஜ்மகால் மலைக்காரர்கள் ஜிட்டி என்கிற காட்டுக்கொடியின் நாரில் நாண் திரித்தார்கள் என்பதும் அவர் எழுதியதுதான். வெயிலும் மழையும் பட்டாலும் அது நீண்ட காலம் உழைக்குமாம். மருளுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே 'வில்நாண் சணல்'. இன்று அதன் ஆப்பிரிக்க உறவுக்காரச் செடி நகரத்து வீடுகளில் 'ஸ்னேக் பிளான்ட்' என்று தொட்டியில் நிற்கிறது. 1989-ல் நாசா செய்த ஓர் ஆய்வைக் காட்டி, காற்றைச் சுத்தப்படுத்தும் என்று நர்சரிக்காரர் கூடுதல் விலை வைக்கிறார்.

எங்கள் பால்கனியிலும் ஒன்று இருந்தது. ஆசை யாரை விட்டது? ஆறு இலைகளை வெட்டி, பலகையில் கிடத்தி, கத்தியின் மழுங்கிய பக்கத்தால் வழித்தேன். பச்சைச் சதை வழிந்துபோக, உள்ளேயிருந்து பட்டு மாதிரி மினுமினுக்கும் நார்கள் வந்தன. கழுவி நிழலில் உலர்த்தினேன். ஒவ்வொரு புரியையும் தொடையில் வைத்து ஒரு திசையில் முறுக்கி, இரண்டு புரிகளையும் எதிர்த் திசையில் சேர்த்துத் திரித்தால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பிரியாமல் நிற்கும். கிராமத்தில் என் தாத்தா கயிறு திரித்ததைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். பார்த்ததற்கும் கைக்கும் சம்பந்தமில்லை என்பது அன்றைக்குத் தெரிந்தது. இலையின் நீளம்தான் நாரின் நீளம் என்பதால் வழியில் புது நாரைச் செருகிக்கொண்டே போக வேண்டும். செருகிய இடமெல்லாம் முடிச்சு முடிச்சாகத் தடித்தது. வில்லில் மாட்டக் கூடாது என்று பயிற்சியாளர் முன்பே எச்சரித்திருந்தார். கம்பியில் மாட்டி முதல் அரிசிப் பையைத் தொங்கவிட்டேன். தாங்கியது. இரண்டாவதை மாட்டினேன். நடுவில் செருகிய இடத்தில் பட்டென்று அறுந்து, ஒரு பை கிழிந்து, பால்கனி முழுக்க அரிசி. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். போட்டிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

அடுத்த மாதம் வேறொரு வேலையாக ஷில்லாங் போக நேர்ந்தது. அங்கே ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பிற்பகல் போலோ மைதானத்தில் 'தீர்' நடக்கும். காசி இன வில்லாளிகள் வளைவாக அமர்ந்து, நட்டு வைத்த ஒரு சிறிய உருளை இலக்கின் மேல் அம்பு மாரி பொழிவார்கள். இலக்கில் தைத்த அம்புகளை எண்ணி, கடைசி இரண்டு இலக்கங்களுக்குப் பந்தயப் பணம். 1982-ல் மேகாலய அரசு இதைச் சட்டபூர்வமாக்கியது. முந்தின இரவு கண்ட கனவை வைத்து எண் சொல்லும் நிபுணர்கள் ஊர் முழுக்க உண்டு. என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் நாணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடிந்து வில்லை மூட்டை கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் ஹிந்தியில் பேச்சுக் கொடுத்தேன். வில்லை என் கையில் கொடுத்தார். வில்லும் மூங்கில், நாணும் மூங்கில். நூலோ கயிறோ அல்ல, மூங்கிலின் வெளித்தோலிலிருந்து பிளந்தெடுத்து வழவழவென்று இழைத்த மெல்லிய பட்டை. காசி மக்களைப் பற்றி 1907-ல் புத்தகம் எழுதிய அதிகாரி கர்டன், நாணுக்கென்று இம்மூவகை மூங்கில்தான் என்று அவர்கள் மொழிப் பெயர்களோடு குறிப்பிடுகிறார். நூற்றாண்டு கடந்தும் பெரியவரின் கையில் அதே வித்தை. மூங்கிலின் வெளித்தோலில்தான் நார் மிக நெருக்கம். உள்ளே போகப் போகச் சோறு. அதனால் தோலை மட்டும் எடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டையை முடிச்சுப் போட முடியாது, மடித்தால் ஒடியும். நுனிகளில் சிறு மேடு விட்டுச் செதுக்கி, அந்த மேட்டில் கயிற்றுக் கண்ணியைக் கட்டியிருந்தார். நெகிழ்வு கண்ணியில், உறுதி பட்டையில்.

"இது நீளுமா?" என்று கேட்டேன்.

"மூங்கில் ஏன் நீளும்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, "கண்ணி நீளும். புதுக் கண்ணி கட்டினால் இரண்டு நாள் எய்து பார்த்துவிட்டுத்தான் இங்கே கொண்டுவருவேன்" என்றார்.

பீல்களும் சந்தால்களும் கோண்டுகளும் இதே மூங்கில் நாணைத்தான் காலங்காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். இவர்கள் நாட்டின் வெவ்வேறு மூலைகளில் இருப்பவர்கள். 'ஆதிகால' வில் என்று அருங்காட்சியகச் சீட்டில் எழுதிவிடுகிறோம். தொய்வில்லாத நாணுக்காக அமெரிக்கத் தொழிற்சாலைகள் இத்தனை வருடம் ஆராய்ச்சி செய்ததை நினைத்தால் அந்தச் சொல் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

1987-ல் உதய்பூர் மாவட்டத்துப் பழங்குடி கிராமம் ஒன்றிலிருந்து அரசு விளையாட்டு அதிகாரிகள் தேர்ந்தெடுத்த லிம்பா ராம், அடுத்த வருடமே சியோல் ஒலிம்பிக்கில் நின்றார். பிறகு 1992-லும் 1996-லும். ராஞ்சிக்குப் பக்கத்திலிருந்து வந்த தீபிகா குமாரியும் சிறுமியாக மூங்கில் வில்லில்தான் தொடங்கினார். இப்படி வருபவர்களைப் பற்றி எழுதும்போது 'இயற்கையான திறமை' என்று பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் எழுதித் தள்ளுகிறோம். கண்ணும் கையும் மட்டும்தானா அவர்கள் கொண்டுவந்தது? தன் கருவியைத் தானே செய்து, அது எப்போது இறங்கும், எப்போது நம்பலாம் என்று தெரிந்த பிள்ளைகள் அவர்கள். அகாடமியில் சேர்ந்ததும் நாண் ஸ்டோர் ரூமிலிருந்து வருகிறது. என் மகளுக்கோ அது கடையிலிருந்து, அதுவும் அப்பா கையால் வந்தது.

நாண் என்ற சொல்லைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் விட மனமில்லை. ஷில்லாங்கிலிருந்து திரும்பிய வாரம் மகள் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்குத் தமிழ்வழிப் பாடநூல்களில் நாண் என்றே பெயர். வில் போன்ற வளைவு, அதை இழுத்துக் கட்டிய நாண். பொருத்தமான பெயர். வடமொழியிலும் அதே கற்பனைதான். 499-ல் ஆரியபடர் பாதி நாணின் நீளத்துக்கு அட்டவணை கொடுத்தார். நாணுக்கு ஜ்யா, ஜீவா என்று பெயர். அரபிக்குப் போனபோது ஜீவா 'ஜிபா' ஆயிற்று. அரபியில் குறில் உயிர்களை எழுதுவதில்லை என்பதால், பின்னால் வந்தவர்கள் அதை 'ஜைப்' என்று வாசித்தார்கள். அதற்கு மார்பு, சட்டையின் மடிப்பு என்று அர்த்தம். 12-ம் நூற்றாண்டில் லத்தீனுக்கு மாற்றியவர்கள் அதற்கு நேர்ச் சொல்லாக 'சைனஸ்' என்று போட்டுவிட்டார்கள். அதுதான் இன்று பள்ளிப் பிள்ளைகளை அழவைக்கும் 'சைன்'. வில்லின் நாண் மூன்று மொழிகளைக் கடப்பதற்குள் சட்டை மடிப்பாகிவிட்டது. என் தொழிலில் நடந்த தவறுகளில் இவ்வளவு நீண்ட ஆயுள் உள்ளது வேறு இருக்குமா, தெரியாது. சொன்னதும் மகள் கேட்டாள்: "அப்ப எறங்கின நாணுக்கு சைன் என்னப்பா ஆகும்?" எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த தேர்வு வருகிற குளிர்காலத்தில். அவள் வில்பையில் இப்போது மூன்று நாண்கள் இருக்கின்றன, மூன்றும் அவள் கட்டியவை. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு அட்டையைத் தொங்கவிட்டு, கட்டிய தேதி, எத்தனை முறுக்கு, இதுவரை எத்தனை அம்பு என்று எழுதி வைத்திருக்கிறாள். அறுபது அம்பு ஆகாத நாண் மைதானத்துக்குப் போவதில்லை. மூன்றாவது நாணின் அட்டையில் நேற்றுவரை நாற்பத்திரண்டு. நாலாவதற்காக நேற்றிரவு மறுபடி அரிசிப் பையைக் கேட்டாள்.